ஹெட்போன் ஓட்டையின் வரலாறு: கண்டியிலிருந்து

ஹெட்போன் என்றதும் நம்மில் பலருக்குக் கைப்பேசி ஞாபகம் வரும், கொஞ்சம் மூத்தவர்களுக்கு வோக்மன். ஆனால் ஸ்பீக்கர் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே ஹெட்போன் வந்துவிட்டது. அமெரிக்காவில் நத்தானியல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுக் குசினியில் வைத்துச் செய்த ஹெட்போனை 1910 அளவில் அந்நாட்டுக் கடற்படை வாங்கத் தொடங்கியது. அந்தக் காலத்துக் கிறிஸ்டல் ரேடியோவுக்குக் கரண்டும் இல்லை, பெட்டரியும் இல்லை. ஏரியலில் வந்து விழும் அலையின் சக்தியில்தான் அது பேசியது. அந்தக் கொஞ்சச் சக்தியால் ஒரு ஸ்பீக்கரை அசைக்க முடியாது. காதோடு ஒட்டியிருக்கும் மெல்லிய தகடு ஒன்றைத்தான் அசைக்கலாம்.

இலங்கையிலும் கதை அப்படித்தான் தொடங்குகிறது. 1921 இல் தந்தித் திணைக்களத்துக்குப் பொறியியலாளராக வந்த எட்வர்ட் ஹார்பர், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சின்ன அறை ஒன்றில் கிராமபோன் தட்டுகளை ஓடவிட்டு ஒலிபரப்பிப் பார்த்தார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோப் பாகங்களை வைத்து ஒலிபரப்பி செய்தார்கள் என்பது எல்லாரும் சொல்கிற கதை. 1925 டிசம்பர் 16 அன்று ஆளுநர் ஹியூ கிளிஃபர்ட் கொழும்பு ரேடியோவை முறைப்படி தொடக்கி வைத்தார். பிபிசி தொடங்கி அப்போது மூன்று வருடம்தான். கொழும்புக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கிறிஸ்டல் செட்டும் ஒரு சோடி ஹெட்போனும் போதுமாக இருந்திருக்கும். 115 கிலோமீற்றர் தள்ளி, மலைகளுக்கு நடுவில் கிடக்கும் கண்டிக்கு வால்வு செட் இல்லாமல் சரிவந்திருக்காது. வால்வு செட் யார் வீட்டில் இருந்திருக்கும்? துரைமார் பங்களாக்களில். லயத்துக்கு அந்தச் சத்தம் வரப் பல வருடம் பிடித்தது.

வந்தபோது அது ஸ்பீக்கர் வழியாக, பெரிய சத்தமாக வந்தது. இதில் எங்கள் பேராதனைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தன்னுடைய தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டு வந்தார். நாங்கள் இன்று டிக்கெட் எடுத்துப் போய்ப் படம் பிடிக்கும் அதே பூங்காதான். அந்தப் படைகளுக்காகக் கொழும்பில் நிறுவிய ரேடியோ சீயக்கின் பலமான சிற்றலை ஒலிபரப்பி, யுத்தம் முடிந்த பிறகு ரேடியோ சிலோனின் கைக்கு வந்தது. 1952 இல் இந்திய அமைச்சர் பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் குறைக்க, தமிழ்நாட்டின் காதுகள் கொழும்பின் பக்கம் திரும்பின. மயில்வாகனனின் குரல் கடல் தாண்டிப் பிரபலமானதுக்குப் பின்னால் அந்த யுத்தக்கால இயந்திரமும் இருக்கிறது. தோட்டத்தில் ஒரு லயத்துக்கு ஒரு ரேடியோ இருந்தாலே பெரிய விசயம், அதுவும் பெட்டரியில் ஓடுவது. ஒருவர் வீட்டு ரேடியோ பத்துக் காம்பராவுக்குப் பாடியது. டவுனில் தேத்தண்ணிக் கடை ரேடியோவுக்குத் தெருவே சொந்தம்.

இப்போது ஓட்டைக்கு வருவோம். பழைய அம்ப்ளிபயர் எதையும் எடுத்துப் பாருங்கள், முன்பக்கத்தில் இடது மூலையில் பெரும்பாலும் ஒரு வட்ட ஓட்டை இருக்கும், 6.35 மில்லிமீற்றர். ஏன் இவ்வளவு பெரிசு? அது இசைக்காகச் செய்த ஓட்டையே இல்லை. 19 ஆம் நூற்றாண்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண்கள் ஒரு வயரைப் பிடுங்கி இன்னொரு இடத்தில் குத்தி இரண்டு பேரைப் பேச வைப்பார்களே, அந்தக் குத்துகிற முனையின் அளவுதான் இது. 1958 இல் மில்வோக்கியில் ஜோன் கோஸ் என்பவர், வீட்டில் தனியாகத் தட்டுக் கேட்பதற்கான பெட்டி ஒன்றைக் கண்காட்சியில் வைத்தார். பெட்டியைவிட அதோடு சேர்த்து வைத்திருந்த ஸ்டீரியோ ஹெட்போன்தான் பிடித்துப்போனது. ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்ததும் அதே வருடம்தான். அதற்குப் பிறகு அம்ப்ளிபயர் செய்த கொம்பனிகள் ஒவ்வொன்றாக அந்த டெலிபோன் ஓட்டையை முன்பக்கத்தில் போடத் தொடங்கின.

இந்தச் சாமான்கள் கண்டிக்கு வந்த விதம் தனிக் கதை. 1970 இலிருந்து 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. வெளிநாட்டு ரேடியோ வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. 1977 இல் ஜே.ஆர். கதவைத் திறந்துவிட்டதும் ஜப்பான் சாமான் கொட்டியது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது தோளில் கெசட் ரேடியோவோடு வந்தார்கள். அதே 1977 இலும், பிறகு 1983 ஜூலையிலும் கலவரம் கண்டிக்கு வந்தது. 83 இல் டவுனில் தமிழர்களின் கடைகள் தெருத் தெருவாக எரிந்தன. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேசும்போது ஒரு விசயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: அதற்குப் பிறகு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தே வைத்தோம், தமிழ்ப் பாட்டு வாசலைத் தாண்டக் கூடாது. ஹெட்போன் வரலாறு எழுதியவர்கள் தனிமையின் சுகம் என்று அதிகம் எழுதியிருக்கிறார்கள். 1979 இல் சோனி முதல் வோக்மனில் இரண்டு ஹெட்போன் ஓட்டை வைத்தது, தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகப் படுமோ என்ற பயத்தில். எங்கள் ஊரில் தனியாகக் கேட்டதற்கு வேறு ஒரு பயமும் காரணமாக இருந்தது. அந்தப் புத்தகங்களில் அது இல்லை.

இனி அம்ப்ளிபயர். எங்கள் போர்டிங்கில் இருப்பது எழுபதுகளின் கடைசியில் ஜப்பானில் செய்தது, ஐந்து பேர் காசு போட்டு வாங்கினோம். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போன பிறகு புதுச் சாமானின் விலையைப் பார்க்கவே முடியவில்லை. அதனால்தான் பழசு. ஜப்பான் வீடுகளுக்கென்று செய்தவை 100 வோல்ட்டில் ஓடுபவை. நம் சுவரில் வருவது 230. இடையில் ஒரு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் குத்தினால் கதை அன்றோடு முடியும். பின்பக்கத்தில் வோல்ட் மாற்றும் திருகு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஏற்றுமதிக்குச் செய்ததில் பெரும்பாலும் இருக்கும். ரேடியோவும் சேர்ந்த செட் என்றால் இன்னொரு வேடிக்கை: ஜப்பானின் எப்.எம். அந்தக் காலத்தில் 76 இலிருந்து 90 வரைதான். நம்முடைய தமிழ் அலைவரிசைகள் பல 100க்கு மேலே. ரீகண்டிஷன் கார் வாங்கியவர்களுக்கு இந்தத் தலையிடி தெரியும்.

ஹெட்போனைக் குத்தினால் என்ன நடக்கிறது? இன்றைய சாமான்களில் ஹெட்போனுக்கென்றே தனிச் சின்ன அம்ப்ளிபயர் இருக்கும். பழையதில் பெரும்பாலும் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் அதே கரண்டை, நடுவில் ஒரு ரெசிஸ்டரை வைத்து (அநேகமாக 200 இலிருந்து 500 ஓம் வரை) ஓட்டைக்கு அனுப்பிவிடுவார்கள். மலிவு வேலை போலத் தெரியும். நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 40 வொட் தரும் அம்ப்ளிபயர் முழுச் சத்தத்தில் 18 வோல்ட் அளவு கொடுக்கும். அது நேராக 32 ஓம் ஹெட்போனுக்குப் போனால் 10 வொட், ஹெட்போன் கருகும். 330 ஓம் ரெசிஸ்டரைத் தாண்டிப் போனால் 80 மில்லிவொட்டுக்கும் குறைவு. அதே ரெசிஸ்டரோடு 300 ஓம் ஹெட்போனுக்கு 240 மில்லிவொட் அளவு. சில சத ரூபாய்ச் சாமான் ஒன்று, எந்த ஹெட்போன் வந்தாலும் சமாளிக்கிறது. எங்களுக்கு அந்தப் பழைய எஞ்சினியர்கள் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஹெட்போனின் ஓம் அளவு எல்லாச் சுரத்துக்கும் ஒன்றாக இருக்காது. பல ஹெட்போன்களில் பேஸ் பகுதியில் அது கூடும். நடுவில் பெரிய ரெசிஸ்டர் இருந்தால், ஓம் கூடும் இடத்தில் சத்தமும் கூடும். ஆகவே பேஸ் உப்பும். பழைய அம்ப்ளிபயரின் "இதமான" ஒலி என்று சிலாகிக்கிறார்களே, ஹெட்போனில் கேட்பவர்களுக்கு அதில் ஒரு பங்கு இந்த ரெசிஸ்டரின் வேலை. 250, 300 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினை குறைவு. காதுக்குள் நுழைக்கும் சின்ன இயர்போனுக்கு இது சரிவராது, இரைச்சலும் கேட்கும்.

பாவிக்க விரும்புகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். கண்டியின் ஈரத்துக்குச் சுவிட்சும் வொலியூமும் கறுத்துப்போயிருக்கும், கரகரவென்று சத்தம் வந்தால் அதுதான். நாற்பது வருடக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். ஒரு ரேடியோ பாஸிடம் காட்டாமல் நல்ல ஹெட்போனைக் குத்தவே வேண்டாம். கைப்பேசியிலிருந்து வயர் எடுத்தால் ஏயூஎக்ஸ்-க்குப் போடுங்கள், போனோ-வுக்குப் போடக் கூடாது. அது இசைத்தட்டுக்கு மட்டும், பேஸைப் பல மடங்கு தூக்கிவிடும். வொலியூமைப் பூச்சியத்தில் வைத்துத்தான் ஹெட்போனை மாட்ட வேண்டும். மிகவும் குறைந்த வொலியூமில் இடது காது மட்டும் கேட்டால், அம்ப்ளிபயரைக் கொஞ்சம் கூட்டி, கைப்பேசியில் சத்தத்தைக் குறைத்தால் சரியாகும். ஸ்டீரியோ என்றால் என்னவென்று தெரிய, இளையராஜாவின் ‘ப்ரியா’ (1978) பாட்டுகளை ஹெட்போனில் போடுங்கள். தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப் பாடல்கள் அவைதான் என்பார்கள்.

மோனோ பொத்தான் என்று ஒன்று இருக்கும், இப்போதைய சாமான்களில் அநேகமாகக் காணாமல் போய்விட்டது. அதன் பெறுமதி எங்களுக்குத் தெரிந்தது பாட்டுக் கேட்டபோது இல்லை. எங்களில் ஒருத்தியின் பெரியம்மா குவைத்துக்குப் பணிப்பெண்ணாகப் போனவர். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான குடும்பம் அது. 1988 இல் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்த பிறகுதான் அவருக்குக் கடவுச்சீட்டு கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாது. கடிதத்துக்குப் பதிலாகக் கெசட்டில் பேசி, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்துவிடுவார். 1990 ஓகஸ்ட்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததோடு அந்தக் கெசட்டுகள் நின்றன. மிஞ்சியிருப்பது மூன்று.

சாதாரண ரெக்கோடரில் போட்டபோது இரைச்சலுக்குள் ஒரு பெண் குரல், அவ்வளவுதான். அம்ப்ளிபயரில் கெசட் டெக்கைப் பூட்டி, மோனோவை அமுக்கி, ட்ரெபிளைக் கொஞ்சம் இறக்கி, ஹெட்போனில் கேட்டோம். ஒரே குரல் இரண்டு பக்கமும் சேர்ந்தபோது இரைச்சல் பின்னுக்குப் போனது. குரலுக்குப் பின்னால் ஏசியின் உறுமல். தண்ணீர் ஓடும் சத்தம், பாத்திரம். அவர் ஏன் அவ்வளவு மெதுவாகப் பேசுகிறார் என்று வீட்டில் யாருக்கும் இதுவரை தெரியாது. நடுவில் தூரத்தில் ஒரு குரல் அரபியில் கூப்பிடுகிறது, "க்ளிக்" என்று பதிவு நிற்கிறது. பிறகு வேறொரு நாளில் தொடர்கிறது. சம்பளம், ஆட்டின் விலை, தம்பியின் பள்ளிக்கூடம்.

கொப்பி எடுப்பதை ஹெட்போன் ஓட்டையிலிருந்து செய்யவில்லை. பின்பக்கத்து டேப் அவுட்டிலிருந்து மடிக்கணினிக்கு எடுத்தோம், அங்கே வொலியூமோ ரெசிஸ்டரோ குறுக்கே வராது. முதல் கெசட் முழுசாக வந்துவிட்டது. இரண்டாவதன் மறுபக்கத்தில், ஏழாவது நிமிடத்தில் பெரியம்மாவின் பேச்சு பாதியில் அறுந்து, வானொலியிலிருந்து யாரோ பதிந்த பாட்டு தொடங்குகிறது. யார் அமுக்கினார்கள் என்று கேட்டால் வீட்டில் ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுகிறார்கள். மூன்றாவது கெசட்டின் நாடாவில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.