எரிபொருளும் எச்சரிக்கை விளக்கும்

காற்றை நம்பிக் கலம் செலுத்திய காலத்தில் ஊர்காவற்றுறை மாலுமிக்கு எரிபொருள் என்றொரு கவலை இருந்ததில்லை. பாய் தொய்ந்தால் காற்று விழுந்துவிட்டது என்பது வெளிப்படை. மேகத்தின் நிறமும் அலையின் போக்கும் அவனுக்கு வேண்டிய எச்சரிக்கையைத் தந்தன. இயந்திரம் வந்தபின் நிலைமை மாறிற்று. அதனை இயக்கும் எண்ணெய் தாங்கிக்குள்ளும் குழாய்க்குள்ளும் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுவது. அதற்கு நேரும் கேட்டை எதைக்கொண்டு அறிவது? இவ்வினாவுக்கு யாழ்ப்பாணக் குடாநாடும் அதன் தீவுகளும் கண்ட விடைகள் கைத்தொழில் வரலாற்றில் இடம்பெறத் தக்கவை.

வேலணைத்தீவைப் பண்ணைத் தாம்போதி யாழ்ப்பாண நகரோடு இணைக்கின்றது. வேலணையிலிருந்து புங்குடுதீவுக்கு வாணர் தாம்போதி செல்கின்றது. குறிகட்டுவான் துறையோடு தரைவழி முடிந்துவிடும். அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஆளும் பொருளும் எரிபொருளும் கடல்மேலேதான் போகவேண்டும். நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். நோயாளி ஒருவரை ஏற்றிவரும் படகின் இயந்திரம் நடுக்கடலில் நின்றுவிட்டால் நேரக்கூடியது என்னவென்று விரித்துரைக்க வேண்டுவதில்லை. எரிபொருளின் குறையை முன்கூட்டியே அறிவது இத்தீவினருக்கு உயிரோடு ஒட்டிய செய்தி.

ஜெர்மானியப் பொறியியலாளர் ருடோல்ஃப் டீசல் தமது இயந்திரத்தை 1897இல் வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். எண்ணெயை அளந்து, அழுத்தி, உருளைக்குள் தெளிக்கும் பம்பினை ரொபேட் பொஷ் என்பாரின் தொழிலகம் 1927இல் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கிற்று. அதன்பின் உலகெங்கும் லொறிகளும் பஸ்களும் படிப்படியாக டீசலுக்கு மாறின. எனினும் அப்பழைய லொறியில் சாரதியின் கண்முன் இருந்த கருவிகள் மிகச் சில. தாங்கியில் எண்ணெயின் அளவை ஒரு மிதவையும் முள்ளும் காட்டின. எண்ணெயில் நீர் கலந்ததா, வடிகட்டி அடைத்ததா, குழாயிற் காற்றுப் புகுந்ததா என்பவற்றைச் சொல்ல விளக்கு எதுவும் இல்லை.

அவற்றைப் புகையும் ஓசையும் மணமும் சொல்லின. கரும்புகை எழுந்தால் எண்ணெய் மிகுதி, அல்லது காற்றுக் குறைவு. வெண்புகை எழுந்தால் எண்ணெய் எரியாமலே வெளியேறுகின்றது. நீலப்புகை எழுந்தால் மசகெண்ணெய் எரிகின்றது. வெறுவண்டியாக நன்றாய் ஓடிப் பாரம் ஏற்றியதும் இளைத்தால் வடிகட்டியைப் பார்க்கவேண்டும். நின்று நின்று ஓடினால் குழாயிற் காற்று இருக்கிறதா என்று தேடவேண்டும். தேர்ந்த மெக்கானிக் தாங்கியில் தொடங்கி, குழாய், வடிகட்டி, பம்பு என எண்ணெய் செல்லும் வழியே தானும் சென்று, ஒவ்வோரிடமாகக் குறையைத் தேடினான்.

இத்தேர்ச்சி முழுமையாகச் சோதிக்கப்பட்ட காலம் 1990இல் தொடங்கிற்று. அவ்வாண்டு மார்ச்சில் இந்திய அமைதிப்படை நீங்கியது. ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வடபகுதிக்குப் பெற்றோலும் டீசலும் செல்வது தடைப்பட்டது. மின்சாரமும் நின்றது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதி படையினரின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, தீவுமக்களிற் பலர் குடாநாட்டுக்கும் அதற்கு அப்பாலும் இடம்பெயர்ந்தனர். குடாநாட்டில் அரிதாய்க் கிடைத்த மண்ணெண்ணெயே வாகனத்துக்கும் உணவாயிற்று.

பெற்றோல் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது எங்ஙனம்? பெற்றோல் கடுங்குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறினாலன்றித் தீப்பற்றத் தக்க ஆவியைத் தராது. எனவே குளிர்ந்த இயந்திரத்தை மண்ணெண்ணெயால் எழுப்புதல் அரிது. சாரதிகள் சிறு குப்பியில் பேணிவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை எழுப்பினர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய் தன் வேலையை ஏற்றுக்கொண்டது. மண்ணெண்ணெயில் ஓடும் படகு இயந்திரங்களைப் பெற்றோலால் எழுப்புவது மீனவர் நன்கறிந்த முறை. பிரித்தானியாவில் 1949 முதல் விற்பனைக்கு வந்த ஒருவகைப் பெர்குசன் உழவு இயந்திரமும் பெற்றோலில் எழுந்து, மண்ணெண்ணெய் போன்றதோர் எண்ணெயில் ஓடும்படி அமைக்கப்பட்டதே.

இதற்கு எல்லா வாகனமும் இசையவில்லை. மண்ணெண்ணெய் அழுத்தம் மிகுந்த உருளையில் முறைதவறி வெடித்து இயந்திரத்தை இடிக்கும். ஒஸ்ரின் ஏ40 போன்ற பழைய கார்களின் சுருக்கவிகிதம் ஏறத்தாழ 7க்கு 1 என்ற சிற்றளவினது. பிற நாடுகளிற் பழம்பொருளாகிவிட்ட அவ்வண்டிகள் யாழ்ப்பாணத் தெருக்களில் உயிர்வாழ்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் அதற்கொரு விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் உருளைச்சுவர் வழியே இறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்தது. பிளக்குகளிற் கரி படிந்தது. புகையைப் பார்த்தும் இடியோசையைக் கேட்டும் அடிக்கடி துடைத்தும் மாற்றியும் வந்தவனே வண்டியைக் காத்தான்.

அதே மண்ணெண்ணெய்தான் இரவில் படிக்கும் பிள்ளைக்கும் வெளிச்சம். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் சிறிது எண்ணெயுமாகக் குப்பி விளக்குகள் எரிந்தன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுழற்றி, டைனமோவின் மின்னோட்டத்தால் வானொலிச் செய்தி கேட்டனர். எனவே வண்டி வீணாய்க் குடித்த எண்ணெய் ஒவ்வொரு துளியும் ஒரு வீட்டின் வெளிச்சத்திலிருந்து குறைந்தது.

2002 ஜனவரியில் தடை நீங்கியது. ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. பின்னர் வந்த புதிய வாகனங்கள் வேறோர் இனத்தைச் சேர்ந்தவை. டீசலைப் பொதுக்குழாய் ஒன்றில் உயரழுத்தத்தில் தேக்கி, மின்னணு ஆணையாற் பகிரும் முறை 1995இல் ஜப்பானில் லொறிகளுக்கு வந்தது. அங்கே அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். தெளிப்பானின் துளைகள் மயிரிழையளவின. சிறிது நீரோ தூசோ அதனைக் கெடுக்கும். டீசலிற் கலந்த மண்ணெண்ணெயும் பம்பின் மசகைக் குறைத்துத் தேய்வை மிகுவிக்கும். பழைய இயந்திரம் பொறுத்ததை இது பொறாது. ஆதலாற்றான் சாரதியின் முன் விளக்குகள் பெருகின.

நீரை உணர்த்தும் விளக்கின் செயல் எளிது. நீர் டீசலினும் கனமானது. வடிகட்டியின் அடியிற் தங்கும். அங்கே வைத்த இரு மின்முனைகளுக்கிடையே டீசல் மின்னைக் கடத்தாது. நீர் ஏறி முனைகளைத் தொட்டதும் மின்னோட்டம் பாய்ந்து விளக்கு எரியும். உடனே வண்டியை நிறுத்தி, அடித்திருகைத் திறந்து, தெளிந்த டீசல் வரும்வரை வடிக்கவேண்டும். பின் கைப்பம்பால் குழாயிலுள்ள காற்றை நீக்கவேண்டும். மீண்டும் எரிந்தால் தாங்கியையும் எண்ணெய் வந்த பீப்பாவையும் பார்க்கவேண்டும். பாதி வெறுமையான பீப்பாவுக்குள் கடற்காற்றின் ஈரம் இரவிற் குளிர்ந்து நீராய் இறங்குவது தீவுகளில் எளிதில் நிகழும். வடித்ததில் நீரே இல்லாமலும் விளக்கு எரியுமாயின், உப்புக்காற்றாற் களிம்பேறிய மின்னிணைப்பு அதற்குக் காரணமாகலாம். விளக்கு குறையின் வரவைச் சொல்லும்; அதன் இருப்பிடத்தை, பழைய மெக்கானிக் சென்ற அதே வழியிற் சென்றே காணவேண்டும்.

2022இல் இலங்கை முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. ஜூலையில் வாராந்தப் பங்கீட்டு முறை வந்தது. ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. மீனவர் பலர் கடலுக்குச் செல்ல இயலாது நின்றனர். முப்பதாண்டுக்கு முன் வடபகுதி பட்ட பாட்டின் ஒரு கூறு அவ்வாண்டு நாடு முழுவதற்கும் வந்தது. ஆனால் குப்பிப் பெற்றோலால் எழுப்பி மண்ணெண்ணெயால் ஓட்டும் வழி புதிய வண்டிக்கு அடைபட்டிருந்தது. எஞ்சியது பழைய பழக்கம் ஒன்றே: துறையை விட்டுப் புறப்படுமுன் வடிகட்டியின் அடித்திருகைத் திறந்து, ஒரு கரண்டி எண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் வடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. அதற்கு ஒரு நிமிடம் போதும். விளக்கு எரியும்வரை காத்திராதவனுக்கு அக்குவளையே முதல் எச்சரிக்கை.