சூட் பயணிகளின் தனிச் சாப்பாட்டுக்கூடம்

சொகுசுக் கப்பல்களில் சூட் எனப்படும் பெரிய அறைகளை எடுப்பவர்களுக்கு மட்டும் திறந்திருக்கும் உணவகமும், அதையொட்டிய சலுகைகளும் இக்கட்டுரையின் பொருள். தனி உணவகம், அறைக்கே முழுச் சாப்பாட்டையும் கொண்டுவந்து பரிமாறும் பட்லர், கூடுதல் கட்டண உணவகங்களில் இலவச இடம், நேரக் கட்டுப்பாடு இல்லாத மேசை ஆகியவை இவற்றில் முக்கியமானவை. எந்த அறைக்கு எது கிடைக்கும் என்பது கப்பலுக்குக் கப்பல் மாறும். கொச்சி, சென்னை, சிங்கப்பூர் துறைமுகங்களில் கப்பல் ஏறும் தமிழ்க் குடும்பங்கள் பெருகியபின், இந்தச் சலுகைகளுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்ற கேள்வி இங்கும் எழுந்துவிட்டது. பாலக்காடு மாவட்டத்துக் கொல்லங்கோட்டில் கடல் இல்லை. ஆனால் அங்குள்ள பழைய கோவிலகம் (அரண்மனை) ஒன்று உயர்கட்டண விருந்தினர்களுக்கு உணவு தந்த முறை, இக்கேள்விக்குக் கப்பல்களைவிடத் தெளிவான ஒரு விடையை வைத்திருக்கிறது.

தோற்றம்

ஒரே கப்பலில் பணம் படைத்தவர்களுக்கு வேறு சாப்பாட்டு இடம் என்பது நூறாண்டுக்கும் மேற்பட்ட வழக்கம். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பிரிவுகளுக்குத் தனித்தனிக் கூடங்கள் முன்பே இருந்தன. முதல் வகுப்புக்கு உள்ளேயே மேலும் ஒரு படி உயர்ந்த உணவகம் 1905இல் ஹாம்பர்க் அமெரிக்கா நிறுவனத்தின் 'அமெரிக்கா' கப்பலில் வந்தது. ரிட்ஸ் விடுதிகளால் புகழ்பெற்ற செசார் ரிட்ஸின் பெயரோடு அது திறக்கப்பட்டது. கூடத்தில் எல்லாருக்கும் ஒரே மணியில் பந்தி நடந்தபோது, இந்த உணவகத்தில் வேண்டிய நேரத்தில் வேண்டியதைச் சொல்லி வாங்கி உண்ணலாம்.

1912இல் மூழ்கிய டைட்டானிக்கிலும் முதல் வகுப்பினருக்கு மட்டுமான அத்தகைய உணவகம் ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் லூயிஜி காட்டி என்ற இத்தாலியர். அங்கே உண்பதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அங்கேயே உண்பதாக முன்கூட்டிச் சொன்ன பயணிக்குப் பயணக் கட்டணத்தில் ஒரு தொகை குறைக்கப்பட்டது. இந்தச் சிறிய ஏற்பாடு கவனிக்கத் தக்கது. அறைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று அன்றைய பயணி பிரித்துப் பார்க்க முடிந்தது. இன்றைய சூட் கட்டணத்தில் இரண்டும் ஒரே தொகையாகக் கரைந்துவிடுகின்றன. மதிப்புப் பற்றிய குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. அந்த உணவகத்தின் ஊழியர்கள் கப்பல் நிறுவனத்தின் ஆட்கள் அல்லர், காட்டியின் ஆட்கள். விபத்தில் காட்டியும் இறந்தார். அந்த ஊழியர்களில் பிழைத்தவர்கள் மூவர் மட்டுமே.

பின்னாளில் கியூனார்ட் நிறுவனம் குயீன்ஸ் கிரில், பிரின்சஸ் கிரில் என்ற உணவகங்களை அறை வகையோடு நேரடியாகப் பிணைத்தது. 2004இல் ஓடத் தொடங்கிய குயீன் மேரி 2 கப்பலில் இன்றும் அறைதான் மேசையைத் தீர்மானிக்கிறது. மற்றவர்களுக்கு பிரிட்டானியா கூடம். எம்எஸ்சி நிறுவனம் 2008இல் ஃபன்டாசியா கப்பலில் 'யாட் கிளப்' என்ற பகுதியை ஏற்படுத்தியது. நார்வீஜியன் நிறுவனத்தின் 'ஹேவன்', செலிபிரிட்டி கப்பல்களின் 'லுமினே', ராயல் கரீபியனின் 'கோஸ்டல் கிச்சன்' எல்லாம் அதே வழியில் வந்தவை. நாலாயிரம், ஐயாயிரம் பேர் போகும் ராட்சதக் கப்பலுக்குள் நூறு இருநூறு பேருக்கான அமைதியான சிறு கப்பல் ஒன்றை அமைப்பதுதான் இவற்றின் வேலை.

தமிழர் கடற்பயணங்களில்

தமிழர்களுக்கு வகுப்புவாரிக் கப்பல் சாப்பாடு புதிதல்ல. பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் 'ரஜுலா' கிளாஸ்கோவில் கட்டப்பட்டு 1926இல் ஓடத் தொடங்கியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடி, 1973இல் இந்தியக் கப்பல் கழகத்தின் கைக்கு வந்து, அடுத்த ஆண்டு உடைக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் ஆயிரக்கணக்கில் அதன் தளத்தில் பாய் விரித்துப் போனார்கள். அவர்களுக்குச் சமையல் தனி. தட்டில் வாங்கி, இடம் கிடைத்த இடத்தில் அமர்ந்து உண்டார்கள். கேபின் பயணிகளுக்கு மேசை விரிப்பும் பரிமாறும் ஆட்களும் உள்ள கூடம். ஏறத்தாழ ஒரு வாரப் பயணத்தில் இந்த இரு கூட்டமும் ஒரு வேளைகூடச் சேர்ந்து உண்டதில்லை. அதே வழியில் பின்னர் ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' 1985இல் தீ விபத்துக்கு உள்ளானதோடு அந்தப் பயணிகள் சேவை முடிந்தது.

நிலத்திலும் இதற்கு இணை உண்டு, அது இன்னும் கசப்பானது. கொல்லங்கோடு வழியாகச் செல்லும் பொள்ளாச்சி–பாலக்காடு பாதை தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதையாக இருந்தது. அந்த ரயில்வேயின் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணர்களுக்கு இடம் தனியாக ஒதுக்கப்பட்டிருந்தது. பெரியார் முன்னின்று நடத்திய கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல்தான் அந்தப் பிரிவினை நீங்கியது. சாதியால் மறுக்கப்பட்ட இடமும் பணத்தால் வாங்கப்படும் இடமும் ஒன்றல்ல. இருந்தாலும், சாப்பாட்டுக்கூட வாசலில் ஒருவரை உள்ளே விட்டு இன்னொருவரை நிறுத்தும் ஏற்பாட்டைத் தமிழ் வாசகர் வெறும் வசதி என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. அதற்கொரு வரலாறு இந்த மண்ணில் இருக்கிறது.

இன்றைய கப்பல்கள்

இந்தியத் துறைமுகங்களிலிருந்து ஓடும் கோர்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' 1990இல் பிரான்சில் கட்டப்பட்டது. 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ராயல் கரீபியனுக்காக ஓடியது. 2021இல் மும்பையிலிருந்தும், 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் இந்தியப் பயணங்களைத் தொடங்கியது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்குச் சென்றபோது அம்பாந்தோட்டை, திருகோணமலையோடு காங்கேசன்துறையிலும் நின்றது. கொச்சியில் 2021 பிப்ரவரியில் 'சாகரிகா' என்ற பயணிகள் முனையம் திறக்கப்பட்டது. பாலக்காட்டுப் பகுதியினருக்கு அதுவே அருகிலுள்ள கப்பல் வாசல்.

எம்ப்ரஸில் முக்கிய வேளைச் சாப்பாடுகள் எல்லா அறைகளின் கட்டணத்திலும் அடங்கும், மது தனிக்கணக்கு. சைவம், ஜைன உணவு ஆகியவை எளிதாகக் கிடைக்கும். பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து இரவுப் பயணங்கள்தான். மூன்று இரவு என்றால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எட்டு ஒன்பது வேளைச் சாப்பாடு. கரையில் இறங்கும் நாளில் அதிலும் ஒன்று குறையும். இவ்வளவு குறுகிய பயணத்தில் உணவுச் சலுகைக்காக மேல்வகை அறை எடுப்பதற்குக் காரணமே இல்லை. அறை பெரிதாக வேண்டும், பால்கனி வேண்டும் என்றால் அது வேறு.

சிங்கப்பூரிலிருந்து 2022இல் ரிசார்ட்ஸ் வேர்ல்டு நிறுவனத்துக்காக ஓடத் தொடங்கிய 'கென்டிங் ட்ரீம்' தமிழ்நாட்டுப் பயணிகள் விரும்பி ஏறும் கப்பல். அதில் 'பேலஸ்' என்பது சூட் அறைகளுக்கான தனிப்பகுதி. பட்லரும் உண்டு, அந்தப் பகுதியினருக்கென்றே உணவகமும் உண்டு. எம்ப்ரஸைவிட மிகப் பெரிய கப்பல் என்பதால் பஃபே வரிசையின் நெரிசலும் அதிகம். தனி மேசையின் பயன் அங்கே கூடுதலாகத் தெரியும்.

கொல்லங்கோடு: ஒரே உணவு, உயர்ந்த கட்டணம்

கொல்லங்கோடு, நெல்லியாம்பதி மலைத்தொடரின் அடியில் வயல்களும் பனைகளும் சூழ்ந்த ஊர். பாலக்காட்டிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவு. சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், வேங்கநாட்டு அரச குடும்பத்தின் இருக்கை. அவர்களின் 19ஆம் நூற்றாண்டுக் கோவிலகத்தைச் சிஜிஎச் எர்த் நிறுவனம் 'களரி கோவிலகம்' என்ற ஆயுர்வேத இல்லமாக நடத்தி வந்தது. அந்த நிறுவனம் வளர்ந்தது கொச்சித் துறைமுகத்தின் வில்லிங்டன் தீவில், கேசினோ ஹோட்டலில் தொடங்கி. கப்பல் வந்து போகும் இடத்தில் விருந்தோம்பலைக் கற்றவர்கள் மலையடிவாரத்தில் அதற்கு நேரெதிரான ஒன்றைச் செய்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

களரி கோவிலகத்தின் கட்டணம் நட்சத்திர விடுதிகளின் வரிசையில் வைக்கத் தக்கதாக இருந்தது. வருபவர்கள் சில நாள் தங்கிப் போக முடியாது. சிகிச்சை வாரக் கணக்கில் நடக்கும். மாமிசம் இல்லை, மது இல்லை. தட்டில் என்ன வரும் என்பதை விருந்தினர் தீர்மானிக்கவில்லை, மருத்துவர் தீர்மானித்தார். ஒருவருடைய உடல்வாகு, செரிமானம், சிகிச்சையின் கட்டம் ஆகியவற்றைப் பார்த்து உப்பும் புளிப்பும் காரமும் அளவாகும். மருந்திட்ட நெய் குடிக்கும் ஸ்நேகபான நாள்களில் கஞ்சியைப் போன்ற எளிய ஆகாரம்தான்.

பெரிய அறை எடுத்தவருக்கு இரண்டு கறி கூடுதல் என்ற பேச்சுக்கே அங்கு இடமிருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தட்டும் அவரவருக்கென்றே அமைந்தது. கப்பல் சூட் உணவகம் 'உங்களுக்கென்றே' என்று விற்பது பெரும்பாலும் ஐம்பது அறுபது பேருக்குப் பொதுவான ஒரு பட்டியலைத்தான். பல கப்பல்களில் அந்த உணவின் பெரும்பகுதி மற்றவர்களுக்குச் சமைக்கும் அதே சமையற்கூடத்திலிருந்து வருகிறது. கோவிலகத்தில் பணம் வாங்கித் தந்தது ஒரு மருத்துவரின் கவனத்தை. தனிச் சலுகை என்பதற்கு மதிப்பு உண்டாவது இப்படித்தான்: பூட்டிய கதவால் அல்ல, உண்பவரைப் பற்றிச் சமைப்பவருக்குத் தெரிந்திருப்பதால். நல்ல சூட் உணவகங்களிலும் இதன் சாயல் உண்டு. மூன்றாம் நாளில் பரிமாறுபவர் உங்கள் பெயர் சொல்லி, மிளகாய் சேர்க்காத தட்டைக் கேட்காமலே கொண்டுவந்தால், அது காசு கொடுக்கத் தகுந்த வசதி. ஆனால் அந்தப் பழக்கம் உண்டாக நாள்கள் வேண்டும். ஒரு வாரத்துக்குக் குறைந்த பயணத்தில் அது அரும்பும்போதே கரை வந்துவிடும்.

மதிப்பைக் கணக்கிடுதல்

பெரிய சர்வதேசக் கப்பல்களில் கூடுதல் கட்டண உணவகம் ஒன்றில் இரவுச் சாப்பாடு பொதுவாக ஆளுக்கு 40 முதல் 80 டாலர் வரை ஆகும். ஏழு இரவுப் பயணத்தில் கணவனும் மனைவியும் இரண்டு இரவு அங்கே 60 டாலர் வீதம் உண்டால் மொத்தம் 240 டாலர். பால்கனி அறைக்கும் தனி உணவகம் உள்ள சூட்டுக்கும் இடையிலான வேறுபாடு பல கப்பல்களில் இதைப் போலப் பல மடங்கு. ஆகவே உணவை மட்டும் எடைபோட்டால் கணக்கு ஒருபோதும் நேராகாது. சாதாரண அறை எடுத்து, விரும்பிய இரவுகளில் மட்டும் நல்ல உணவகத்துக்குக் காசு கொடுப்பதே சிக்கனம்.

கணக்கு மாறும் இடங்களும் உண்டு. கடலிலேயே கழியும் நாள்களில் காலை எட்டு மணிக்கும் ஒன்பதரைக்கும் இடையில் பஃபே கூடம் திருவிழாக் கூட்டம்போல் நிரம்பும். தட்டை ஏந்திக்கொண்டு மேசை தேடி அலைய வேண்டும். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள், சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டு நேரத்துக்கு உண்ண வேண்டியவர்கள், கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்க முடியாதவர்கள் ஆகியோருக்கு உட்கார்ந்த இடத்தில் பரிமாறும் காலை உணவு பெரிய நிம்மதி. பத்து நாளுக்கு மேற்பட்ட பயணத்தில் அந்த நிம்மதிக்குத் தரும் பணம் வீண் அல்ல.

சைவம் மட்டும் உண்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சூட் உணவகங்களின் பட்டியல் சிறியது. கடலுணவும் இறைச்சியும்தான் அதன் பெருமை. பெரிய கூடத்தில் சோறும் பருப்பும் இந்தியக் காய்கறியும் தினமும் கிடைக்கும் கப்பல்களிலேயே சூட் உணவகத்தில் அவற்றைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும். கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள், முதல் நாளே சொல்லி வைத்தால். ஆனால் மற்றவர்கள் கேட்காமலே பெறுவதைக் கேட்டுப் பெறுவதற்குக் கூடுதல் பணம் தருவது சரியான பேரமாகத் தெரியவில்லை.

குடும்பப் பயணம்

தமிழ்க் குடும்பங்கள் கப்பலுக்குப் பெரும்பாலும் கூட்டமாகத்தான் போகின்றன. பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி மூன்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகப் போவது இப்போது வழக்கமாகி வருகிறது. அப்பா அம்மாவுக்கு மட்டும் சூட் எடுத்துவிட்டு, மற்றவர்கள் சாதாரண அறையில் இருப்பார்கள். தனி உணவகங்களில் அந்தப் பகுதியில் அறை எடுத்தவர்களுக்கு மட்டுமே அனுமதி என்பது பொது விதி. கதவுக்கு அப்பால் பாட்டியும் தாத்தாவும், இப்பால் பேரப்பிள்ளைகள். நாலைந்து வேளையில் பெரியவர்களே அதை விட்டுவிட்டு பஃபேக்கு வந்துவிடுவார்கள். கொடுத்த பணம் அங்கே நின்றுவிடும். பிள்ளைகள் பாசத்தோடு எடுத்துத் தந்த அறைதான், ஆனால் சேர்ந்து உண்பதற்காகவே புறப்பட்ட பயணத்தில் அது அவர்களைப் பிரித்து உட்கார வைக்கிறது. இந்தச் சலுகையின் ஆகப் பெரிய குறை இதுவே என்று சொல்லலாம். இத்தகைய குடும்பங்கள் அருகருகே பால்கனி அறைகளை எடுத்து, பெரிய கூடத்தில் எல்லாரும் அமரும் ஒரே மேசையை முன்பதிவிலேயே கேட்டு வாங்குவது நல்லது. பயண முகவர் இதை முன்கூட்டியே எழுத்தில் பெற்றுத் தரலாம்.

சூட் எடுப்பது என்று முடிவு செய்தவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் சிலவற்றை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். எல்லா சூட்டுக்கும் ஒரே உரிமை கிடையாது: ராயல் கரீபியனில் கீழ்நிலை சூட் பயணிகளுக்குக் கோஸ்டல் கிச்சனில் இரவுச் சாப்பாடு மட்டும், மேல்நிலையினருக்கு மூன்று வேளையும். கட்டண உணவகங்களும் அதில் அடங்குமா, பானங்கள் அடங்குமா, டிப்ஸ் தனியா என்பவை கப்பலுக்குக் கப்பல் வேறுபடும். வேறு அறையில் தங்கும் உறவினரை ஒரு வேளைக்காவது விருந்தினராக அழைக்கலாமா என்பதையும் அப்போதே கேட்க வேண்டும். ஏறிய பிறகு உணவக வாசலில் கேட்டால் பதில் பெரும்பாலும் முடியாது என்றுதான் வரும்.