இரண்டு சூரியோதயம்

கடலுக்கு அப்பால் பிள்ளையோ பெண்ணோ இருக்கும் வீடுகளில் யாரும் மைல் கணக்கைக் கேட்பதில்லை. "எத்தனை மணி நேரப் பிரயாணம்?" என்றுதான் கேட்கிறார்கள். மைல் மாறாதது, மணிதான் காலத்துக்குக் காலம் மாறுகிறது. அது எப்படிக் குறைந்தது என்று பார்த்தால் இயந்திரத்தின் சாமர்த்தியம் மட்டுமல்ல, மனிதரின் நெஞ்சுரமும் தெரியவரும்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கும் இலங்கைக்கும் நடுவே இந்து மகாசமுத்திரம் சுமார் 3,500 மைல் பரந்து கிடக்கிறது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆஸ்திரேலியாவை இங்கிலாந்தோடு இணைத்திருந்த ஆகாய மார்க்கமும் அதோடு அறுந்தது. அறுந்ததை முடிச்சுப் போட, 1943-இல் க்வாண்டாஸ் கம்பெனியார் இந்தச் சமுத்திரத்தை ஒரே மூச்சில் தாண்டத் துணிந்தார்கள்.

அவர்களுக்குக் கிடைத்தவை, தண்ணீரிலிருந்து கிளம்பித் தண்ணீரிலேயே இறங்கும் காட்டலினா விமானங்கள் ஐந்து. வேகம் மணிக்குச் சுமார் 125 மைல்தான். பெர்த்தின் ஸ்வான் நதியில் புறப்பட்டால், காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரியில் இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஒரு தடவை 32 மணி 9 நிமிஷம் ஆயிற்று. வானில் இருக்கும்போதே இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்துவிடலாம்! பிரயாணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசிய சங்க'த்தின் அங்கத்தினர் என்று ஒரு பத்திரமும் கொடுத்தார்கள்.

வேடிக்கை அந்தப் பத்திரத்தோடு சரி. விமானம் நிறையப் பெட்ரோல். ஆகவே பிரயாணிகள் மூன்று பேருக்கு மேல் ஏற முடியாது. புறப்பட்ட முதல் சில மணி நேரத்துக்குள் இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றாலும், அந்தப் பாரத்தோடு பறக்க முடியாது, கடல்தான் கதி. எதிரியின் காதில் விழக்கூடாதென்று ரேடியோவில் பேசுவதில்லை. வழி காட்டியவை வானத்து நட்சத்திரங்களே. விமானங்களுக்குப் பெயரும் அவற்றினுடையதுதான். ஆல்ட்டேர், அன்ட்டாரிஸ், ஸ்பைக்கா என்றெல்லாம் சூட்டியிருந்தார்கள். நம் பஞ்சாங்கத்தில் அவை திருவோணம், கேட்டை, சித்திரை. நாம் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கும் நட்சத்திரங்களைப் பார்த்து அவர்கள் சமுத்திரம் தாண்டினார்கள் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

1945 ஜூலைக்குள் 271 தடவை அந்தக் கடலைக் கடந்தார்கள். ஓர் உயிர்கூடச் சேதமில்லை. ஆனால் யுத்தம் முடிந்ததும், அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தத்தின்படி அந்த விமானங்களைக் கடலிலேயே மூழ்கடித்தார்கள். உழைத்த மாட்டை அடிமாட்டுக்கு அனுப்புவது போலத்தான்.

இன்றைய ஜெட் விமானத்துக்கு அந்தத் தூரம் ஏழெட்டு மணி நேர வேலை. 2018 முதல் பெர்த்திலிருந்து லண்டனுக்கே, சுமார் 9,000 மைலை, எங்கும் நில்லாமல் பதினேழு மணி நேரத்தில் பறக்கிறார்கள். ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கிப் போகிறவர்களுக்குக் கீழே இருப்பது அதே சமுத்திரம். அதை முதலில் இருட்டில், பேச்சின்றி, நட்சத்திரத்தை எண்ணிக்கொண்டு தாண்டியவர்கள் சிலர் இருந்தார்கள் என்பதை, விமானம் இரண்டு மணி தாமதமென்று சலித்துக்கொள்ளும்போதாவது நாம் நினைத்துக்கொள்ளலாம்.