பூஜ்யத்துக்குள் 2 கோடி வாக்குகள்

2014 மக்களவைத் தேர்தலில் பகுஜன் சமாஜ் கட்சிக்கு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. 'தலித் அரசியல் முடிந்தது' என்று பலரும் தீர்ப்பு எழுதினார்கள். அந்த எண்களை நாம் மறுபடியும் படிப்போம், தோழர்களே.

அக்கட்சி நாடு முழுவதும் பெற்றது 2 கோடிக்கும் அதிகமான வாக்குகள், சுமார் 4 சதவீதம். பாஜக, காங்கிரசுக்கு அடுத்து மூன்றாமிடம். 3.3 சதவீதம் பெற்ற அதிமுகவோ 37 இடங்களை வென்றது. அதன் வாக்கு ஒரே மாநிலத்தில் குவிந்திருந்தது. பகுஜன் வாக்கு பரந்து சிதறியிருந்தது.

உத்தரப் பிரதேசத்தில் 2009இல் 27 சதவீத வாக்குக்கு 20 இடங்கள். 2014இல் ஏறத்தாழ 20 சதவீத வாக்குக்கு ஒன்றுமில்லை. சரிவு உண்மை. ஆனால் அங்கே ஐந்தில் ஒருவர் போட்ட வாக்கு அவைக்குள் நுழையவே இல்லை.

அம்மாநிலத்தின் 17 தனித் தொகுதிகளும் பாஜகவுக்கே போயின. தனித் தொகுதியில் வேட்பாளர் மட்டுமே நம்மவர். வெற்றியைத் தீர்மானிப்பது எல்லாச் சாதியினரின் வாக்கு. 1932 பூனா ஒப்பந்தத்தில் இரட்டை வாக்குரிமையை இழந்ததன் விலையை இன்றும் கொடுக்கிறோம்.

2019இல் சமாஜ்வாதி கட்சியோடு கூட்டணி: 10 இடங்கள். 2024இல் தனித்துப் போட்டி: மறுபடியும் பூஜ்யம்.

ஆகவே இட எண்ணிக்கையை மட்டும் வைத்து நம் மக்களின் அரசியலை அளக்க வேண்டாம். வாக்கு எங்கே போனது, யாரோடு சேர்ந்தால் அது வெல்லும், எந்தத் தேர்தல் முறை அதை மதிக்கும் என்று கேட்போம். விகிதாச்சாரப் பிரதிநிதித்துவக் கோரிக்கை அங்கிருந்துதான் தொடங்குகிறது.