சேணத்தில் யாருடைய பெயர்?

குதிரையைப் பற்றி வரலாற்று நூல்கள் நிறையவே பேசுகின்றன. எந்த மன்னனிடம் எத்தனை குதிரைகள் இருந்தன, எந்தப் போரில் குதிரைப்படை எந்தப் பக்கம் நின்றது, அரேபியக் குதிரைகள் எந்தத் துறைமுகத்தில் இறங்கின என்பதெல்லாம் நாம் படித்த, பின்னர் மாணவருக்கும் படிப்பித்த பாடங்கள். ஆனால் குதிரைக்கும் மனிதனுக்கும் இடையில் இருந்த சேணத்தைப் பற்றி அந்நூல்களில் ஒரு பந்தியைக் கண்டுபிடிப்பதே கடினம். சேணம் செய்தவனைப் பற்றி ஒரு வரிகூடக் கிடைக்காது. இந்த மௌனம் தற்செயலானதல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சேணம் என்றதும் தோல் மெத்தை ஒன்றை நினைக்கிறோம். அதன் உயிர் உள்ளேயிருக்கும் மரச்சட்டத்தில்தான் உண்டு. குதிரையின் முதுகெலும்பு பாரம் தாங்கக்கூடாது. தாங்கினால் புண்வரும், பிறகு அக்குதிரை எதற்கும் உதவாது. எனவே எலும்பின்மேல் ஒரு வளைவு இடைவெளி விட்டு, இருபுறத் தசைகளின்மேல் எடை பரவும்படி சட்டம் செய்யப்படுகிறது. இங்கிலாந்தில் இதற்குப் பீச் மரம் பயன்பட்டது. முறியாதிருக்க இரும்புத் தகடு பதித்தார்கள். சட்டத்தின்மேல் பட்டிகளை இழுத்துக் கட்டி, அதன்மேல் இருக்கைத் தோலை நனைத்து இழுத்துப் பொருத்துவார்கள். அடியில் கம்பளி அடைத்த திண்டுகள். ஒரு பக்கத்தில் ஒரு பிடி கம்பளி கூடினாலும் சவாரி செய்பவன் சரிவான், குதிரை நொண்டும். உடற்கூறும் பௌதிகமும் சேர்ந்த அறிவு இது. பல்கலைக்கழகம் இதற்குப் பட்டம் கொடுத்ததில்லை.

ஊரில் வரலாற்று விரிவுரையாளனாக இருந்த நான், இப்போது இங்கிலாந்தின் மத்திய பகுதியில் தோற்பொருள் செய்யும் தொழிற்சாலையொன்றில் வெட்டும் பகுதியில் வேலை செய்கிறேன். முழுத்தோலை மேசையில் விரித்து, எங்கிருந்து எதை வெட்டுவது என்று தீர்மானிப்பதுதான் வேலையின் பாதி. பின்முதுகுத் தோல் இறுக்கமானது; இழுபடும் வார் அங்கிருந்துதான் வரவேண்டும். வயிற்றுத் தோல் இளகி நீளும். பூச்சி கடித்த தழும்பு, முட்கம்பி கீறிய கோடு, கொழுத்த மாடா மெலிந்த மாடா என்பதெல்லாம் தோலில் எழுதப்பட்டிருக்கும். கல்வெட்டுப் படிப்பதற்குக் குறையாத வாசிப்பு அது.

கருவிகள் எளியவை. பிறை வடிவக் கத்தி எகிப்தில் தீப்ஸ் நகரிலுள்ள ரெக்மிரேயின் கல்லறை ஓவியங்களில், கி.மு. 15ஆம் நூற்றாண்டுத் தோல் தொழிலாளரின் கையில் காணப்படுகிறது. அதே வடிவக் கத்தி இன்றும் சேணக்காரரின் மேசையில் இருக்கிறது. மூவாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாக மாற்றத் தேவைப்படாத கருவி வேறு எத்தனை உண்டு?

கைத்தையலைப் பாருங்கள். லினன் இழைகளை முறுக்கித் தேன்மெழுகு பூசிய ஒரே நூல். அதன் இரு முனையிலும் ஒவ்வொரு ஊசி. தோலை மரக் கவ்வியில் பிடித்து, கவ்வியை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிக்கொள்ள வேண்டும். பல்லுள்ள இரும்பால் அங்குலத்துக்கு எட்டோ பத்தோ பன்னிரண்டோ அடையாளம் பதித்து, ஒவ்வொன்றிலும் குத்தூசியால் துளையிட்டு, இரு ஊசிகளையும் எதிரெதிர்த் திசையில் அதே துளையூடாகச் செலுத்தி இழுக்க வேண்டும். மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கிபோலப் பிடித்திருக்கின்றன. ஒன்று அறுந்தால் மற்றது கழன்றுவிடும். கைத்தையலில் ஓரிடம் அறுந்தாலும் அடுத்த தையல் பிடித்துக்கொள்ளும். அறுந்தால் உயிர் போகக்கூடிய வாரைக் கையால் தைத்ததற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு அறிவும் யாருடைய பெயரில் பதிவாயிற்று? 1327இல் லண்டன் தெருக்களில் ஒரு கைகலப்பு நடந்தது. ஒருபக்கம் சேணக்காரர். மறுபக்கம் சேணச் சட்டம் செய்த தச்சர், அதற்கு வர்ணம் தீட்டியவர், கடிவாள இரும்பும் அங்கவடியும் அடித்த கொல்லர். பின்னவர்களின் முறைப்பாடு இதுதான்: தாங்கள் செய்யும் சேணப் பொருட்களைத் தங்களுக்கேயன்றி வேறெவருக்கும் விற்கக்கூடாதென்று சேணக்காரர் கூடிக் கட்டுப்பாடு விதித்திருக்கிறார்கள், வாங்கியவற்றுக்குப் பணமும் கொடுப்பதில்லை. நான்கு கைகள் செய்த பொருளைக் கடைசிக் கை தன்னுடையதென்றது. 1395இல் சேணக்காரர் சங்கத்துக்கு இரண்டாம் ரிச்சர்ட் மன்னன் பட்டயம் வழங்கினான். கொல்லன் கொல்லனாகவே இருந்தான்.

அக்கொல்லர்கள் பெருகிய ஊர்களில் ஒன்றுதான் வோல்சோல். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு சென்ற ஜோன் லீலண்ட், கடிவாள இரும்பு செய்வோர் பலர் அங்கிருப்பதைக் குறித்து வைத்திருக்கிறார். இரும்பைத் தொடர்ந்து தோலும் வந்தது. ரயில் வந்ததால் குதிரை ஒழியவில்லை; நிலையத்துக்குச் சரக்கு கொண்டுவரவும் கொண்டுபோகவும் இன்னும் அதிகம் தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியாவில் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகள் இருந்தன. 1900 அளவில் வோல்சோல் தோல் தொழிலில் ஏறத்தாழ 10,000 பேர் வேலை செய்தனர். பெண்கள் பெருமளவில் தையலில் இருந்தனர். கூலி ஆண்களைவிடக் குறைவு. மொத்த வியாபாரத்துக்காக அங்கு செய்த சேணங்கள் பல, பிற ஊர்க் கடைகளின் முத்திரையோடு விற்கப்பட்டன. முதலாம் உலகப்போர் முடிந்து மோட்டார் வாகனம் பெருகியபோது அத்தொழில் சரிந்தது. எஞ்சியவர்கள் கைப்பைக்கும் பணப்பைக்கும் மாறினர். 1988இல் அங்கு தோல் தொழிலுக்கென ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. ஊரின் உதைபந்தாட்டக் கழகத்தை இன்றும் சேணக்காரர் என்றே அழைக்கிறார்கள்.

இந்தச் சங்கிலியின் மறுமுனை எமக்கு அருகில் கிடந்தது. சென்னை மாகாணத்தில் ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல்கள், ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் லண்டன் சந்தைக்கு வந்தன. முதலாம் உலகப்போரில் இராணுவச் சப்பாத்துகளின் மேற்பகுதிக்காகப் பிரித்தானிய அரசு அவற்றைப் பெருமளவில் கொள்வனவு செய்தது. இந்திய இராணுவத்தின் சேணங்களுக்காகக் கான்பூரில் 1860களிலேயே அரசாங்கத் தொழிற்சாலை உருவாகியது. ஆவாரம் பட்டையை இடித்து, குழியில் இறங்கி, சுண்ணாம்பில் கை வெந்த மனிதர்கள் ‘கிழக்கிந்திய’ என்ற சொல்லுக்குள் மறைந்துபோனார்கள்.

ஆனால் மறைந்துபோவதும் இழிவாக்கப்படுவதும் ஒன்றல்ல. புறநானூற்றின் 82ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவம், பொழுதும் சாய்கிறது, மழையும் பெய்கிறது. கட்டிலுக்கு வார் பிணைக்கும் ஒருவனின் ஊசி இத்தனை அவசரத்தோடும் பாய்கிறது. மன்னனின் மற்போர் வேகத்துக்கு அதுதான் உவமை. இவ்வளவு துல்லியமாக அந்தக் கையைப் பார்த்த புலவனின் பெயர் சாத்தந்தையார். மன்னன் பெயர் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. ஊசி பிடித்தவனுக்குப் பெயரில்லை; ‘இழிசினன்’ என்ற அடைமொழி மட்டுமே உண்டு. திறமையைக் கண்டும் திறமையுள்ளவனை இழித்துரைக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி எம்மிடம் தேவையில்லை.

லண்டன் கொல்லனும் வோல்சோல் தையல்காரியும் சுரண்டப்பட்டார்கள். முத்திரையில் அவர்கள் பெயர் இல்லை. ஆயினும் கொல்லனின் பிள்ளை வேறு தொழிலுக்குப் போனால் அவனைத் தொடர்ந்துவந்து தீட்டுச் சொல்ல ஒரு சாதி இருக்கவில்லை. எமது சமூகத்தில் தோலைத் தொட்டவனின் மகன் ஆசிரியரானாலும் தோல் அவனை விடவில்லை. கோயில் வாசலிலும் தேநீர்க்கடைக் குவளையிலும் அது பின்தொடர்ந்தது.

இங்கு வந்த பின் நிலைமை தலைகீழானது. மீன் வெட்டுகிறோம், இறைச்சி பொதிசெய்கிறோம், கழிவறை கழுவுகிறோம், மாட்டுத்தோல் வெட்டுகிறோம். பவுண்ஸில் வரும் கூலிக்குத் தீட்டில்லை. ஆனால் அதே கைகள் மாலையில் கல்யாணப் பேச்சுக்குத் தொலைபேசியை எடுக்கும்போது முதற்கேள்வி ‘என்ன ஆக்கள்?’ என்பதாகவே இருக்கிறது. தோலைத் தொடுவதுதான் இழிவு என்றால் நாம் எல்லோருமே இழிந்தவர்கள். அப்படியில்லையென்றால், தலைமுறை தலைமுறையாக அவர்களிடம் நாம் சொன்னது பொய். இரண்டில் எதை ஏற்றுக்கொள்வதென்று நண்பர்கள் சொல்லட்டும்.

வோல்சோலில் நூதனசாலை அமைத்தவர்கள் குத்தூசியையும் கவ்வியையும் சேர்த்தார்கள். அவற்றைப் பிடித்தவர்களின் வாய்மொழியையும் பதிவு செய்தார்கள். எமது ஊர்களில் பறைக்குத் தோல் வார்த்துக் கட்டியவர்கள், செருப்புத் தைத்தவர்கள் தம் கருவிகளுக்கு வைத்திருந்த பெயர்கள் எத்தனை? அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் சிலர் இச்சஞ்சிகையின் வாசகர்களாகவும் இருக்கலாம். அப்பெயர்களை அவர்களே எழுத வேண்டும், எழுதுபவரின் பெயரோடு. அதுவரை எமது வரலாறு சேணமில்லாத குதிரைகளின் வரலாறாகவே இருக்கும்.