இந்திய மாங்கனீசுக் கனிமங்களின் பெயர்வரலாறு: நிலைத்தவையும் நீங்கியவையும்

கனிமத்திற்குப் பெயரிடுபவர் அதனைக் கண்டறிந்த அறிஞர். ஆயின் அப்பெயர் நிலைப்பதும் நீங்குவதும் அக்கனிமத்தின் வேதியியல், இயற்பியல் பண்புகளைப் பொறுத்தவை. உருமாறிய பாறைகளில் கிடைக்கும் இந்திய மாங்கனீசுக் கனிமங்களின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

இந்தியாவில் மாங்கனீசுச் சுரங்கத்தொழில் அன்றைய சென்னை மாகாணத்தின் விசாகப்பட்டினம் மாவட்டத்தில் 1890களின் தொடக்கத்தில் தோன்றி, பின்னர் மத்திய மாகாணத்திற்குப் பரவியது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த லூயிஸ் லீ பெர்மர் இப்படிவுகளை விரிவாக ஆராய்ந்து 1909இல் பெருநூலாக வெளியிட்டார். மாங்கனீசு கலந்த பழைய வண்டல்கள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, ஸ்பெசார்ட்டின் என்னும் மாங்கனீசுக் கார்னெட்டும் குவார்ட்சும் கொண்ட பாறையாயின என்று அவர் விளக்கினார். அப்பாறைக்கு அப்பகுதியில் வாழும் கோண்டு மக்களின் பெயரால் கோண்டைட்டு எனப் பெயரிட்டார்.

ஜாபுவா பகுதியின் காஜ்லிதொங்ரியில் கிடைத்த கருநிறக் கனிமத்திற்கு, துறையின் இயக்குநராக இருந்த தாமஸ் ஹாலந்தின் பெயரால் ஹாலந்தைட்டு என்று பெயரிடப்பட்டது. சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்துப் பாறையைச் சார்னோக்கைட்டு என அழைத்தவரும் இவரே. ஹாலந்தைட்டு பேரியமும் மாங்கனீசும் சேர்ந்த ஆக்சைடு. அதன் படிக அமைப்பில் சுரங்கப்பாதை போன்ற நீண்ட இடைவெளிகள் உள்ளன. பேரியம் அவற்றில் தங்குகிறது. 1970களின் இறுதியில் ஆஸ்திரேலிய அறிஞர் ரிங்வுட், அணுக்கழிவிலுள்ள சீசியத்தைச் சிறைப்படுத்த இவ்வமைப்பைத் தேர்ந்தெடுத்தமைக்கு இதுவே காரணம்.

பிற பெயர்கள் சில நிலைக்கவில்லை. சிந்துவாரா மாவட்டத்துச் சீதாபார் என்னும் ஊரின் பெயர்பெற்ற சீதாபாரைட்டு, அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து 1897இல் விவரிக்கப்பட்ட பிக்ஸ்பையைட்டே எனப் பின்னர் தெளிவாயிற்று. விரெடன்பர்கைட்டு வலிய காந்தத்தன்மையால் தனிக்கனிமமாகக் கருதப்பட்டது. மெருகேற்றிய மாதிரியை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, ஜேக்கப்சைட்டும் ஹவுஸ்மனைட்டும் பின்னிப்பிணைந்த கலவை அது என்பது புலனாயிற்று. காந்தத்தன்மை ஜேக்கப்சைட்டுக்கு உரியது. ஒளியின் அதிர்வுத்திசைக்கேற்ப இளஞ்சிவப்பாகவும் நீலமாகவும் தோன்றும் பிளான்பர்டைட்டு, மாங்கனீசு கலந்த ஈகிரின்–ஆகைட்டு வகையாக 1988ஆம் ஆண்டின் பைராக்சின் வகைப்பாட்டில் சேர்க்கப்பட்டது.

இத்திருத்தங்கள் பெர்மரின் உழைப்பைக் குறைப்பனவல்ல. அவர் வேதிப்பகுப்பு, நிறம், அடர்த்தி, காந்தத்தன்மை ஆகியவற்றைக் கொண்டு கனிமங்களைப் பிரித்தறிந்தார். படிகத்தின் உள்ளமைப்பைக் காட்டும் எக்ஸ்கதிர் முறை 1912க்குப் பின்னரே உருவாயிற்று. எனவே பழைய ஆய்வேடுகளையும் அருங்காட்சியகச் சீட்டுகளையும் பயன்படுத்துவோர், அவற்றிலுள்ள பெயரை மட்டும் கொள்ளாது, பதிவான பண்புகளைக் கொண்டு இன்றைய கனிமத்தை அறிதல் வேண்டும். சீதாபார் கனிமப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. கோண்டு மக்களின் பெயரோ பாறையின் பெயராக இன்றும் வழங்குகிறது.