பதினோரு முட்டாலிஸ்கும் ஒரு லார்வாவும்

ஸ்ட்ராடஜி கேம்ல பறக்கிற படை கிடைச்சா நாம என்ன பண்ணுவோம்? நாப்பது சேர்ற வரைக்கும் பொத்திப் பொத்தி வச்சு, மொத்தமா அனுப்பி, மொத்தமா பறிகொடுப்போம். (அடியேனும் அந்த கேஸ்தான் :-))

1998-ல் வந்த ஸ்டார்கிராஃப்ட்ல கதை வேற. ஸெர்க் இனத்தோட முட்டாலிஸ்க் அடிச்சா சேதம் வெறும் 9. சுடுற தூரம் 3, மரைனுக்கோ 4. மரைன் கூட்டத்துக்கு எதிரே நின்னு சண்டை போட்டா சங்குதான். அடிச்சிட்டு ஓடணும்.

2004-ல் பார்க் சுங்-ஜுன் (செல்லப்பேர் 'ஜூலை') கொரியாவோட ஓஎஸ்எல் பட்டத்தை ஜெயிச்ச முதல் ஸெர்க் ஆட்டக்காரர் ஆனார். முட்டாலிஸ்கை அவர் ஓட்டுற விதத்துக்கே தனி ரசிகர் கூட்டம்.

அப்புறம் பரவினதுதான் அந்த 'அடுக்கு' வித்தை. ஒரு குழுவுல 12 யூனிட்தான் சேர்க்க முடியும். பக்கம் பக்கமா இருந்தா இடைவெளி விட்டே நகரும். ஒண்ணு மட்டும் ரொம்ப தூரத்துல இருந்தா, மத்ததெல்லாம் க்ளிக் பண்ணின அதே புள்ளிக்கு வந்து குவியும். அதனால 11 முட்டாலிஸ்கோட, வீட்டுல சும்மா நெளியுற ஒரு லார்வாவையும் சேர்த்துக்குவாங்க. பதினொண்ணும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, ஒரே பறவை!

ஒரு சுத்துக்கு 99. மிசைல் டரட்டோட உயிர் 200. ரெண்டு சுத்து அடிச்சும் 2 பாக்கி, கடுப்பா இருக்கும்! தாக்குதலை ஒரு படி ஏத்தினா 110. ரெண்டே சுத்துல டரட் காலி. ஆனா எதிராளி சயின்ஸ் வெஸல்ல இருந்து ஒண்ணு மேல இர்ரேடியேட் போட்டா அடுக்கு மொத்தமும் வேகும், உடனே அதைப் பிரிச்சு விரட்டணும்.

2017-ல் ரீமாஸ்டர்டு வந்தப்போ படமெல்லாம் பளபளன்னு மாத்தின ப்ளிஸார்ட், இந்த ஓட்டையை மட்டும் அடைக்கவே இல்லை.